ரோமானியக் குடியரசில் அதிகாரம் யாரிடம் இருந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது சீசரும் பேரரசர்களும்தான். ஆனால் பேரரசர்களுக்கு முன்னால் ஏறக்குறைய 480 ஆண்டுகள், மரபுக் கணக்கில் கி.மு. 509 முதல் கி.மு. 27 வரை, ரோமானியர்கள் அரசன் இல்லாமலேயே தங்களை ஆண்டுகொண்டார்கள். அந்த ஆட்சிமுறை எப்படி நடந்தது, கடைசியில் எப்படி உடைந்தது என்பது பற்றி வழக்கமாக எழும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். சில பதில்கள் நீளமானவை. விஷயம் அங்கேதான் இருக்கிறது.

சுருக்கமாகச் சொல்லுங்கள், ரோமை ஆண்டது யார்?

ஒருவர் பெயரைச் சொல்லிவிட முடியாது. கி.மு. 167-ல் பிணைக்கைதியாக ரோமுக்குக் கொண்டுவரப்பட்ட பொலிபியஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியரும் இதே கேள்வியை யோசித்தார். கான்சல்களைப் பார்த்தால் முடியாட்சி போலத் தெரிகிறது, செனட்டைப் பார்த்தால் மேட்டுக்குடி ஆட்சி போல, மக்கள் கூட்டங்களைப் பார்த்தால் மக்களாட்சி போலத் தெரிகிறது என்றார் அவர். மூன்றும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருப்பதுதான் ரோமின் பலம் என்பது அவர் கண்ட விடை.

அது பெரும்பாலும் சரி என்றே நினைக்கிறேன். ஒரு திருத்தம் மட்டும் உண்டு. மூன்றுக்கும் சம எடை இருக்கவில்லை. பழைய பணக்காரக் குடும்பங்களின் பக்கமே தராசு எப்போதும் சாய்ந்திருந்தது. அது எப்படி என்பது ஓட்டுமுறை பற்றிய பதிலில் வரும்.

அரசனை விரட்டியவர்கள் ஏன் ஒருவருக்குப் பதில் இரண்டு தலைவர்களை வைத்தார்கள்?

கடைசி அரசனான டார்குவினியஸை விரட்டியபோது அரச பதவியின் வேலைகளை ரோமானியர்கள் ஒழித்துவிடவில்லை. படை நடத்த ஆள் வேண்டும், நீதி சொல்ல ஆள் வேண்டும். ஆகவே அந்த அதிகாரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதை இரண்டு பேருக்குக் கொடுத்தார்கள், அதுவும் ஓர் ஆண்டுக்கு மட்டும். அவர்கள்தான் கான்சல்கள். ஒருவர் எடுத்த முடிவை மற்றவர் தடுத்துவிடலாம். இருவரும் முரண்பட்டால் தடுத்தவர் சொன்னதே நிற்கும்.

கான்சல் வெளியே போனால் முன்னால் 12 சேவகர்கள் நடப்பார்கள். ஒவ்வொருவர் தோளிலும் ஒரு பிரம்புக் கட்டு, அதற்குள் ஒரு கோடரி. பிரம்பு அடிக்க, கோடரி தலையை வெட்ட. ஆனால் நகரத்தின் புனித எல்லைக்குள் நுழைந்ததும் கோடரியைக் கழற்றிவிட வேண்டும். ஊருக்குள் ஒரு குடிமகனுக்குக் கான்சல் மரண தண்டனை விதித்தால், அவன் மக்களிடம் முறையிடலாம். அந்த உரிமைக்குக் கண்ணால் பார்க்கக்கூடிய அடையாளமாகவே கோடரியைக் கழற்றினார்கள். அதிகாரத்தின் எல்லை எது என்பதை எழுதப் படிக்கத் தெரியாதவனும் தெருவில் நின்றே தெரிந்துகொள்ளலாம். எனக்கு மிகவும் பிடித்த ரோமானிய வழக்கம் இது.

இந்த ஏற்பாட்டில் இடைஞ்சலும் இருந்தது. இரண்டு கான்சல்களும் ஒரே படையோடு போனால் நாள்விட்டு நாள் தலைமை மாறும். கி.மு. 216-ல் கன்னே என்ற இடத்தில் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலை எதிர்கொண்டபோது பவுலஸும் வாரோவும் இப்படித்தான் மாறி மாறித் தலைமை ஏற்றார்கள். வாரோவின் நாளில் போர் மூண்டது. ரோமின் வரலாற்றிலேயே மிகக் கொடிய தோல்விகளில் ஒன்று அன்று நேர்ந்தது. அதற்குப் பிறகும் ரோமானியர்கள் இரட்டைத் தலைமையைக் கைவிடவில்லை. ஒரு படை அழிவதைவிட ஓர் அரசன் முளைப்பதற்கே அவர்கள் அதிகம் பயந்தார்கள்.

கான்சல் ஆவது எப்படி? நேரடியாகப் போட்டியிடலாமா?

முடியாது. படிப்படியாக ஏற வேண்டும். முதல் படி குவெஸ்டர், கருவூலக் கணக்குப் பார்ப்பவர். அடுத்தது ஈடைல், தெரு, சந்தை, தானியம், திருவிழா விளையாட்டுகள் இவர் பொறுப்பு. இந்தப் படியைச் சிலர் தாண்டிப் போவதும் உண்டு. அதற்கு மேலே பிரேட்டர், வழக்குகளைக் கவனிப்பவர். அப்புறம்தான் கான்சல். கி.மு. 180-ல் வயது வரம்புச் சட்டம் வந்தது. பின்னாளில் சர்வாதிகாரியான சுல்லாவின் காலத்தில் குவெஸ்டருக்கு 30, பிரேட்டருக்கு 39, கான்சலுக்கு 42 என்று உறுதியானது. 42 என்ற இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

எந்தப் பதவிக்கும் சம்பளம் கிடையாது. ஈடைல் நடத்தும் விளையாட்டுகளுக்குச் சொந்தப் பணத்தையும் கொட்ட வேண்டியிருந்தது. இந்த ஒரு விதியே ஏழைகளை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டது.

சென்சார் என்றால் தணிக்கை அதிகாரியா?

இன்று நாம் சினிமாவோடு சேர்த்துச் சொல்லும் சொல் அங்கிருந்து வந்ததுதான். வேலை மட்டும் வேறு. ஏறக்குறைய ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்ந்தெடுக்கப்படும் இரண்டு சென்சார்கள் 18 மாதம் பதவியில் இருப்பார்கள். குடிமக்களைக் கணக்கெடுத்து, சொத்தை மதிப்பிட்டு, வகுப்பு பிரிப்பார்கள். செனட் உறுப்பினர் பட்டியலைத் திருத்துவதும் இவர்கள்தான். ஒழுக்கம் சரியில்லை என்று பட்டால் யார் பெயரையும் அடித்துவிடலாம். இரண்டு முறை கான்சலாக இருந்த ரூஃபினஸைக் கி.மு. 275-ல் செனட்டிலிருந்து நீக்கினார்கள். வீட்டில் பத்து ராத்தல் வெள்ளிப் பாத்திரம் வைத்திருந்தார் என்பதுதான் குற்றம்.

செனட் என்பது நம் நாடாளுமன்றம் மாதிரியா?

அப்படி நினைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. செனட்டுக்கு மக்கள் ஓட்டுப் போடுவதில்லை. அது சட்டமும் இயற்றாது. பதவிகளை வகித்து முடித்தவர்கள் ஆயுள் முழுக்க உட்கார்ந்திருக்கும் மூத்தோர் அவை அது. லத்தீனில் முதியவரைக் குறிக்கும் சொல்லிலிருந்தே செனட் என்ற பெயர் வந்தது. நீண்ட காலம் 300 பேர் இருந்தார்கள். சுல்லா 600 ஆக்கினார், சீசர் 900 ஆக்கினார், முதல் பேரரசரான அகஸ்டஸ் மறுபடி 600-க்குக் கொண்டுவந்தார்.

செனட் கொடுப்பது சட்டப்படி வெறும் ஆலோசனை. கான்சல் அதைக் கேட்கத்தான் வேண்டும் என்று எங்கும் எழுதப்படவில்லை. ஆனாலும் கேட்டார்கள். ஏன்? ரோமானியர்கள் அதிகாரத்துக்கு இரண்டு சொற்கள் வைத்திருந்தார்கள். பதவியால் வருவது ‘பொடெஸ்டாஸ்’. ஆளின் மதிப்பால், வயதால், செய்து முடித்த காரியங்களால் வருவது ‘அவுக்டோரிடாஸ்’. நம் ஊர்களில் பஞ்சாயத்துத் தலைவர் ஒருவர் இருப்பார், எந்தப் பதவியும் இல்லாத பெரியவர் ஒருவரும் இருப்பார். தலைவர் கையெழுத்துப் போடுவார், ஆனால் பெரியவர் தலையசைத்த பிறகுதான் போடுவார். அந்தப் பெரியவரிடம் இருப்பதுதான் அவுக்டோரிடாஸ். செனட்டின் முழு பலமும் அதில்தான் இருந்தது. ஓராண்டில் பதவி முடிந்து கான்சல் திரும்பி வந்து உட்காரப்போவதும் அதே பெரியவர்களின் நடுவில்தான். அவர்களைப் பகைத்துக்கொண்டு எங்கே போவார்?

இந்த மதிப்பு எவ்வளவு தூரம் வேலை செய்தது என்பதற்கு ஒரு சம்பவம். கி.மு. 168-ல் சிரியாவின் அரசன் நான்காம் அந்தியோக்கஸ் பெரும்படையோடு எகிப்தின் தலைநகரை நெருங்கிவிட்டான். செனட்டின் தூதராக வந்த போப்பிலியஸ் லேனாஸ் பின்வாங்கச் சொல்லும் ஓலையை அவன் கையில் கொடுத்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றான் அரசன். லேனாஸ் கையிலிருந்த கோலால் மணலில் அவனைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, இதைவிட்டு வெளியே வருமுன் பதில் சொல் என்றார். அரசன் பணிந்தான்.

பணத்தின் சாவியும் செனட்டிடம் இருந்தது. எந்த மாகாணத்துக்கு யார் போவது, எந்தப் படைக்கு எவ்வளவு செலவு என்பதை அவர்களே முடிவு செய்தார்கள்.

அவைக்குள் விவாதம் எப்படி நடக்கும்?

மூத்தவர்கள் முதலில் பேசுவார்கள். இளையவர்களுக்குப் பல நாள் வாய்ப்பே வராது. பேசுபவருக்கு நேர வரம்பு இல்லை, ஆனால் சூரியன் மறைந்தால் கூட்டம் முடிந்தது. இந்த இரண்டையும் சேர்த்து ஓர் ஆயுதமாக்கியவர் இளைய கேட்டோ. பிடிக்காத தீர்மானம் வந்தால் எழுந்து நின்று பொழுது சாயும்வரை பேசிக்கொண்டே இருப்பார். கி.மு. 59-ல் கான்சலாக இருந்த சீசர் பொறுமையிழந்து அவரைச் சிறைக்குக் கொண்டுபோகச் சொன்னார். செனட்டர்கள் பலர் கேட்டோவின் பின்னாலேயே எழுந்து நடக்கவும், சீசர் உத்தரவைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

மக்கள் ஓட்டுப் போட்டார்கள் என்றால் அது மக்களாட்சிதானே?

ஓட்டுப் போட்டார்கள். ஆனால் எண்ணிய விதத்தைப் பாருங்கள். கான்சலைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் தனி ஆளின் ஓட்டுக்கு நேரடிக் கணக்கு இல்லை. குடிமக்களைச் சொத்து மதிப்புப்படி 193 பிரிவுகளாகப் பிரித்திருந்தார்கள். ஒரு பிரிவுக்கு ஓர் ஓட்டு. பழைய முறையில் குதிரைவீரர் பிரிவுகள் 18, முதல் வகுப்பில் 80. இரண்டும் சேர்ந்தால் 98. பெரும்பான்மைக்கு 97 போதும். சொத்தே இல்லாதவர்கள் அத்தனை பேருக்கும், எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் சரி, ஒரே ஒரு பிரிவு.

அதிலும் மேலிருந்து கீழாகத்தான் கூப்பிடுவார்கள். பெரும்பான்மை கிடைத்ததும் ஓட்டெடுப்பை நிறுத்திவிடுவார்கள். பணக்காரர்கள் ஒற்றுமையாக இருந்தால் ஏழைகளின் முறை வருவதற்குள் தேர்தல் முடிந்துவிடும். பிற்பாடு முதல் வகுப்பை 70 ஆகக் குறைத்தார்கள். இரண்டாம் வகுப்பையும் கேட்க வேண்டிய நிலை வந்தது. அதற்குக் கீழே பெரிய மாற்றம் எதுவும் நடக்கவில்லை.

சட்டங்களுக்கும் சிறு பதவிகளுக்கும் வேறொரு கூட்டம் இருந்தது. அதில் வசிப்பிடத்தை ஒட்டிய 35 பிரிவுகள். ரோம் நகரத்துக்கு 4, கிராமப்புறத்துக்கு 31. கொஞ்சம் நியாயமானதாகத் தோன்றும். ஆனால் ஓட்டுப் போட நேரில் ரோமுக்கு வர வேண்டும். தபால் ஓட்டு கிடையாது, வெளியூரில் வாக்குச்சாவடி கிடையாது. கிராமத்திலிருந்து நாள்கணக்கில் வேலையை விட்டுவிட்டு வரக்கூடியவர் யார்? நிலம் பார்க்க ஆள் வைத்திருப்பவர்தான். முன்னாள் அடிமைகளுக்கும் ஓட்டு உண்டு, ஆனால் அவர்களைப் பெரும்பாலும் அந்த 4 நகரப் பிரிவுகளுக்குள்ளேயே அடைத்துவைத்தார்கள்.

ரகசிய வாக்கு இருந்ததா?

முதலில் இல்லை. வாயால் சொல்ல வேண்டும். நிலக்காரரும் புரவலரும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கி.மு. 139-ல் தேர்தல்களுக்கும், 137-ல் பெரும்பாலான வழக்கு விசாரணைகளுக்கும், 131-ல் சட்டங்களுக்கும் எழுத்து ஓட்டு வந்தது. மெழுகு பூசிய சிறு பலகையில் எழுதிக் கூடையில் போடுவார்கள். கூடைக்குப் போக ஒரு குறுகிய மரப்பாலத்தில் ஏற வேண்டும். அந்தப் பாலத்தில் செல்வாக்குள்ளவர்களின் ஆட்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். ஆகவே கி.மு. 119-ல் பாலத்தையே குறுக்கச் சொல்லி ஒரு சட்டம் வந்தது. கொண்டுவந்தவர் மாரியஸ், பின்னாளில் ஏழு முறை கான்சலானவர். பாலத்தில் நடந்து ஓட்டுப் போடும் குடிமகனின் உருவத்தை அந்தக் காலத்து வெள்ளி நாணயம் ஒன்றில் பொறித்திருக்கிறார்கள். ஓட்டு அவர்களுக்கு எவ்வளவு பெரிய பெருமை என்பதை அது காட்டுகிறது.

டிரிப்யூன் என்பவர் யார்? அவருக்கு ஏன் அவ்வளவு முக்கியத்துவம்?

ரோமின் ஆட்சிமுறையில் மிகவும் அசலான கண்டுபிடிப்பு இந்தப் பதவிதான் என்பேன். தொடக்கத்தில் எல்லாப் பதவிகளும் பாட்ரீசியன் என்ற பழங்குடும்பத்தார் கையில் இருந்தன. மற்றவர்கள் எல்லாரும் பிளபியன்கள். கடனைக் கட்ட முடியாத பிளபியனைக் கடன் கொடுத்தவர் கட்டிவைத்து வேலை வாங்கலாம். கி.மு. 494-ல், மரபு வரலாறு சொல்வதன்படி, பொறுத்தது போதும் என்று பிளபியன்கள் ஆயுதம் எடுக்காமல் நகரத்தைவிட்டு மொத்தமாக வெளிநடப்பு செய்தார்கள். பக்கத்தில் இருந்த புனித மலையில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். உழுவதற்கும் ஆள் இல்லை, போருக்கும் ஆள் இல்லை.

சமாதானம் பேச வந்த மெனெனியஸ் அக்ரிப்பா வயிற்றுக்கும் கைகால்களுக்கும் நடந்த சண்டை பற்றிய கதையைச் சொல்லி அவர்களை மனம் மாற்றினார் என்பார்கள். கதை பரவலாகிவிட்டது. ஆனால் பிளபியன்கள் கதையைக் கேட்டுக்கொண்டு வெறுங்கையோடு இறங்கி வரவில்லை. தங்களுக்கென்று தனிப் பிரதிநிதிகளை வாங்கிக்கொண்டுதான் வந்தார்கள். அவர்களே டிரிப்யூன்கள். பிறகு அவர்களின் எண்ணிக்கை 10 ஆனது.

டிரிப்யூனுக்குப் படை இல்லை, பிரம்புக் கட்டு இல்லை, சேவகர் இல்லை. இருந்தது ஒரு சத்தியம். அவர்மேல் கை வைப்பவனைக் கொல்வோம் என்று பிளபியன்கள் கூடி எடுத்துக்கொண்ட சத்தியம். அந்தத் துணையோடு அவர் கான்சலின் உத்தரவுக்கும், செனட்டின் தீர்மானத்துக்கும், சக டிரிப்யூனின் மசோதாவுக்கும் குறுக்கே நின்று ‘வீட்டோ’ என்று சொல்லலாம். ‘நான் தடுக்கிறேன்’ என்பதே அந்தச் சொல்லின் பொருள். இன்றும் ஐ.நா. பாதுகாப்பு அவை பற்றிப் பேசும்போது அதே சொல்லைத்தான் சொல்கிறோம். டிரிப்யூன் வீட்டுக் கதவு இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும். அவர் ஊரைவிட்டு வெளியே இரவு தங்கக் கூடாது. அடிபட்டவன் எந்த நேரத்தில் வந்து தட்டினாலும் ஆள் இருக்க வேண்டும் என்பதற்காக.

அதன்பின் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. கி.மு. 451, 450-ல் சட்டங்களைப் பன்னிரண்டு பலகைகளில் எழுதி எல்லாரும் பார்க்க வைத்தார்கள். 445-ல் இரு பிரிவினருக்கும் இடையே திருமணம் செல்லும் என்றானது. 367-ல் பிளபியனும் கான்சல் ஆகலாம் என்றானது. 287-ல் பிளபியன் கூட்டம் போடும் தீர்மானம் எல்லாரையும் கட்டுப்படுத்தும் சட்டம் என்று ஒப்புக்கொண்டார்கள். ஏறக்குறைய 200 ஆண்டுகள் எடுத்தது.

சர்வாதிகாரி என்ற பதவி சட்டப்படியே இருந்ததாமே?

ஆமாம். பேராபத்து வரும்போது செனட் கேட்டுக்கொள்ள, கான்சல் ஒருவரைச் சர்வாதிகாரியாக நியமிப்பார். அவருக்கு முன்னால் 24 சேவகர்கள். காலம் அதிகபட்சம் ஆறு மாதம். கி.மு. 458-ல் வயலில் வேலை செய்துகொண்டிருந்த சின்சினாட்டஸைக் கூப்பிட்டுப் பதவி கொடுத்தார்கள், அவர் போரை முடித்து 16-ஆம் நாளே பதவியை விட்டுவிட்டு வயலுக்குத் திரும்பினார் என்று மரபு வரலாறு சொல்கிறது. கி.மு. 202-க்குப் பிறகு 120 ஆண்டுகள் யாரையும் அந்தப் பதவியில் வைக்கவில்லை. மறுபடி அந்தப் பெயரோடு வந்தவர் சுல்லா. அவருக்குக் கால வரம்பு வைக்கவில்லை.

சகுனம் பார்த்தும் அரசியல் செய்தார்களா?

செய்தார்கள். வானத்தில் கெட்ட சகுனம் தெரிந்தால் மக்கள் கூட்டத்தை ஒத்திவைக்கலாம். கி.மு. 59-ல் சீசரின் சக கான்சலான பிபுலஸ், சீசர் கொண்டுவந்த நிலச் சட்டத்தை எதிர்த்தபோது, கூட்டத்தில் அவருடைய பிரம்புக் கட்டுகளை உடைத்து, தலையில் சாணியைக் கொட்டினார்கள். அதன்பின் அவர் ஆண்டு முழுக்க வீட்டிலேயே இருந்து, சகுனம் சரியில்லை என்று அறிக்கை அனுப்பிக்கொண்டே இருந்தார். ரோமில் ஆண்டுகளுக்கு அந்தந்தக் கான்சல்களின் பெயர்தான். அந்த ஆண்டை ஊரார் ‘ஜூலியஸும் சீசரும் கான்சல்களாக இருந்த ஆண்டு’ என்று கேலி செய்தார்கள். இரட்டைத் தலைமை செத்துக்கொண்டிருந்ததை அந்தக் கேலி சொல்லிவிட்டது.

லஞ்சம்?

நிறைய. தேர்தல் லஞ்சத்துக்கு எதிராகத் திரும்பத் திரும்பச் சட்டம் போட்டார்கள் என்பதே சட்டம் வேலை செய்யவில்லை என்பதற்குச் சாட்சி. தேர்தலில் கடனாளியானவர் அந்தக் கடனை மாகாண ஆளுநராகப் போய் அடைப்பார். கி.மு. 73 முதல் 71 வரை சிசிலியை ஆண்ட வெர்ரஸ் இதில் பெயர்போனவன். மூன்றாண்டுக் கொள்ளையில் முதலாண்டுப் பணம் தனக்கு, இரண்டாமாண்டுப் பணம் வக்கீல்களுக்கு, மூன்றாமாண்டுப் பணம் நீதிபதிகளுக்கு என்று அவன் சொல்லிக்கொண்டதாக, அவன்மேல் வழக்கு நடத்திய பேச்சாளர் சிசரோ நீதிமன்றத்திலேயே எடுத்துச் சொன்னார். கி.மு. 70-ல் சிசரோ சாட்சிகளை அடுக்கிய வேகத்தைப் பார்த்து வெர்ரஸ் தீர்ப்புக்குக் காத்திராமல் மார்செய் நகருக்கு ஓடிவிட்டான்.

பெண்களுக்கு ஏதாவது அதிகாரம் இருந்ததா?

ஓட்டும் இல்லை, பதவியும் இல்லை. ஆனாலும் குரல் எழுந்த நாட்கள் உண்டு. கி.மு. 195-ல் பெண்கள் நகை அணிவதையும் வண்டியில் போவதையும் கட்டுப்படுத்திய சட்டத்தை எதிர்த்துத் தெருக்களை நிறைத்தார்கள். சட்டம் ரத்தானது. கி.மு. 42-ல் உள்நாட்டுப் போருக்குப் பணம் வேண்டி 1,400 பணக்காரப் பெண்கள்மேல் வரி போட்டபோது, ஹொர்டென்ஸியா என்பவர் பொது மன்றத்தில் நின்று பேசினார். பதவியிலும் ஆட்சியிலும் எங்களுக்குப் பங்கு இல்லை, பிறகு நாங்கள் ஏன் வரி கட்ட வேண்டும் என்பது அவர் வாதம். பட்டியல் 400 ஆகக் குறைந்தது. அந்தக் கேள்வி அவர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்னால் ஓடியது.

இவ்வளவு தடுப்புகள் இருந்தும் குடியரசு ஏன் உடைந்தது?

தடுப்புகள் எல்லாம் ஒரு நம்பிக்கையில் நின்றன. எனக்கு உரிமை இருக்கிறது என்பதற்காக அதைக் கடைசி எல்லைவரை பயன்படுத்த மாட்டேன் என்ற நம்பிக்கை. முன்னோர் வழக்கம் என்று ரோமானியர்கள் சொன்னது இதைத்தான். அது ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ந்தது.

முதல் முடிச்சு கி.மு. 133. பொது நிலத்தைப் பணக்காரர்கள் வளைத்துப் போட்டிருந்தார்கள். ஒருவர் 500 யூகெரா, அதாவது சுமார் 310 ஏக்கருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, மீதியை நிலமற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று டிரிப்யூன் திபேரியஸ் கிராக்கஸ் மசோதா கொண்டுவந்தார். சக டிரிப்யூன் ஒக்டேவியஸ் வீட்டோ போட்டார். எவ்வளவு கேட்டும் விலகவில்லை. திபேரியஸ் யாரும் செய்யாததைச் செய்தார். ஒக்டேவியஸைப் பதவியிலிருந்தே நீக்க ஓட்டுக்கு விட்டார். 35 பிரிவுகளில் 17 எதிராக விழுந்ததும் ஓட்டெடுப்பை நிறுத்தி, நண்பனைக் கட்டிப்பிடித்து இப்போதாவது விலகு என்று கெஞ்சினார். ஒக்டேவியஸ் கண்கலங்கினார், ஆனால் விலகவில்லை. 18-ஆவது ஓட்டு விழுந்தது.

மறுதேர்தலுக்குத் திபேரியஸ் நின்றபோது, தலைமைப் பூசாரியான ஸ்கிப்பியோ நாஸிகாவின் தலைமையில் செனட்டர்களும் அவர்களின் ஆட்களும் தடியோடும் உடைந்த பெஞ்சுக் கால்களோடும் பாய்ந்தார்கள். திபேரியஸும் அவரோடு 300 பேருக்கு மேலும் அடித்துக் கொல்லப்பட்டார்கள். உடல்களை இரவோடு இரவாக டைபர் ஆற்றில் தள்ளினார்கள். மேலே கை வைக்கக் கூடாது என்று சத்தியம் செய்யப்பட்ட டிரிப்யூனைச் செனட்டர்களே கொன்றார்கள். யார் பக்கம் நியாயம் என்று இன்றும் வாதிடலாம். என் பார்வையில் திபேரியஸ் வழக்கத்தை மீறினார், எதிரிகளோ சட்டத்தையே கொன்றார்கள். இரண்டும் ஒரே எடையுள்ள குற்றங்கள் இல்லை. 121-ல் அவருடைய தம்பி காயஸுக்கும் அதே முடிவு, இந்த முறை செனட்டின் அவசரத் தீர்மானத்தோடு.

இரண்டாவது முடிச்சு படை. கி.மு. 107-ல் மாரியஸ் சொத்தில்லாதவர்களையும் படையில் சேர்த்துக்கொண்டார். அவர்களுக்குத் திரும்பிப் போக வயல் இல்லை. போர் முடிந்து நிலம் வாங்கித் தருவது செனட் இல்லை, தளபதிதான். விசுவாசமும் தளபதியிடம் போனது. கி.மு. 88-ல் கிழக்குப் போரின் தலைமையைத் தன்னிடமிருந்து பிடுங்கி மாரியஸுக்குக் கொடுத்ததும், சுல்லா தன் படையை ரோமை நோக்கித் திருப்பினார். அவருடைய அதிகாரிகளில் ஒருவரைத் தவிர எல்லாரும் விலகிப்போனார்கள். சிப்பாய்கள் போகவில்லை.

சுல்லா சர்வாதிகாரியாகி எதிரிகளின் பெயர்களைப் பட்டியல் போட்டுக் கொல்லவைத்தார். செனட்டைப் பலப்படுத்தினார், டிரிப்யூன்களின் பல்லைப் பிடுங்கினார், பிறகு பதவி விலகினார். அவர் எழுதிய விதிகளில் பல நிற்கவில்லை. படையோடு வந்தால் ரோமைப் பிடிக்கலாம் என்ற பாடம் நின்றது. கி.மு. 49 ஜனவரியில் சீசர் தன் மாகாணத்தின் எல்லையான ரூபிகான் ஆற்றைப் படையோடு தாண்டியபோது அந்தப் பாதை ஏற்கெனவே நடந்து பழகிய பாதை. துரத்தப்பட்ட டிரிப்யூன்களின் உரிமையைக் காக்க வருகிறேன் என்பதும் அவர் சொன்ன காரணங்களில் ஒன்று.

ஜூலியஸ் சீசர் பேரரசரா?

இல்லை. கி.மு. 44 பிப்ரவரியில் வாழ்நாள் சர்வாதிகாரி ஆனார், மார்ச் 15-ல் செனட் கூட்டத்தில் 23 கத்திக்குத்துகளோடு விழுந்தார். ‘சீசர்’ என்ற குடும்பப் பெயர் பிறகுதான் பட்டமாயிற்று. தமிழ் பைபிளில் பவுல் ‘இராயனுக்கு அபயமிடுகிறேன்’ என்று சொல்லும் இடத்தில் இராயன் என்பது அந்தச் சீசர் பட்டம்தான். முன்பு குடிமகன் மக்களிடம் முறையிட்டான் என்று மேலே சொன்னேன் அல்லவா? பவுலின் காலத்தில் அந்த முறையீடு ஒரே ஆளிடம் போகிறது.

அப்படியானால் குடியரசை ஒழித்தது அகஸ்டஸா?

அவரைக் கேட்டிருந்தால் மீட்டெடுத்தேன் என்று சொல்லியிருப்பார். சீசரின் தத்துப்பிள்ளையான இவர் ஒரு பதவியையும் ஒழிக்கவில்லை. கான்சல்கள் இருந்தார்கள், செனட் கூடியது, தேர்தல் நடந்தது. கி.மு. 27 ஜனவரியில் எல்லா அதிகாரத்தையும் செனட்டிடமும் மக்களிடமும் திருப்பிக் கொடுக்கிறேன் என்று அறிவித்தார். செனட் அவரைக் கெஞ்சி, ஸ்பெயின், கால் (இன்றைய பிரான்ஸ் பகுதி), சிரியா போன்ற மாகாணங்களை அவர் பொறுப்பில் விட்டது. படைகளில் பெரும்பகுதி இருந்தது அங்கேதான்.

மிக நுட்பமான வேலை கி.மு. 23-ல் நடந்தது. ஆண்டுதோறும் வகித்துவந்த கான்சல் பதவியை விட்டுவிட்டு, டிரிப்யூனின் அதிகாரத்தை வாங்கிக்கொண்டார். பதவியை வாங்கவில்லை, கவனியுங்கள். பாட்ரீசியன் குடும்பத்தவராகிவிட்ட அவர் டிரிப்யூன் ஆகவே முடியாது. ஆகவே பதவியிலிருந்து அதிகாரத்தை மட்டும் உரித்தெடுத்து அவருக்கு ஆயுளுக்கும் கொடுத்தார்கள். வீட்டோவும் அவரிடம், மேலே கை வைக்கக் கூடாது என்ற பாதுகாப்பும் அவரிடம். அதோடு எல்லா ஆளுநர்களுக்கும் மேலான படை அதிகாரமும் வந்தது. புனித மலையில் கடனாளிகள் உட்கார்ந்து வாங்கிய உரிமை, உலகத்திலேயே பலம்வாய்ந்த ஒரு மனிதரின் கவசமாயிற்று. இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருத்தும் திருப்பம் இது.

மதிப்பில் எல்லாரையும் மிஞ்சினேன், அதிகாரத்தில் சக பதவியாளர்களைவிட எனக்கு அதிகம் இருக்கவில்லை என்று அவரே தன் சாதனைகளை எழுதிவைத்தபோது குறிப்பிட்டார். அவுக்டோரிடாஸ், பொடெஸ்டாஸ் என்ற அதே இரண்டு சொற்கள்தான்.

பேரரசர் காலத்தில் தேர்தல் என்ன ஆனது?

கி.பி. 14-ல் அகஸ்டஸுக்குப் பின் திபேரியஸ் (கிராக்கஸ் அல்ல, அடுத்த பேரரசர்) பட்டத்துக்கு வந்ததும் தேர்ந்தெடுக்கும் வேலை மக்களிடமிருந்து செனட்டுக்குப் போனது. மக்களிடமிருந்து பெரிய எதிர்ப்பு எழவில்லை. கான்சல் பட்டம் மட்டும் கி.பி. 541 வரை தனிமனிதர்களுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது.

கொங்கு நாட்டில் கிடைக்கும் ரோமானிய நாணயங்களுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. கோயம்புத்தூர், கரூர் பக்கம் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தவை ஏராளம். மிளகுக்கும் பச்சைக் கல்லுக்கும் வந்த காசு. அகஸ்டஸின் காசுகளில் தென்னிந்தியாவில் அதிகம் கிடைக்கும் ஒரு வகையில், முன்பக்கம் அவர் தலை, பின்பக்கம் கேடயமும் ஈட்டியுமாக இரண்டு உருவங்கள். அவர் தத்தெடுத்த பேரன்கள் காயஸும் லூசியஸும். சுற்றியுள்ள எழுத்துகளில் ‘காஸ் டெசிக்’ என்று ஒரு சுருக்கம் இருக்கும். கான்சலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பவர்கள் என்று பொருள்.

42 வயது நினைவிருக்கிறதா? காயஸுக்கு அந்தப் பட்டம் கிடைத்தபோது வயது 14. காயஸ் கி.பி. 1-ல் கான்சலாகி, 23 வயதில் இறந்தான். லூசியஸ் பதவி ஏற்காமலே கி.பி. 2-ல், 18 வயதில் மார்செய் நகரில் இறந்துபோனான்.